பழசு என்று நான் எடுத்துவிட்ட வரி

வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு என் கடைப் பிரிண்டரிலிருந்து ஜெப விண்ணப்பங்கள் அடித்த மூன்று தாள்கள் வரும். மடங்கிவிடாமல் ஒரு காலண்டர் அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு எதிர்த்தெருவில் இருக்கிற சின்ன சர்ச்சுக்குப் போவேன். கடைசி பெஞ்சில் ஆயரம்மாவும் போஸ்ட்மாஸ்டர் சாரும் எனக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஆயரம்மா தாள்களை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பங்கு போடுவார். முதல் தாள் எனக்கு, இரண்டாவது சாருக்கு, மூன்றாவது தமக்கு. இந்த வரிசை ஒரு வாரம்கூட மாறியதில்லை. முதல் தாளில் எல்லாம் பழைய பெயர்கள். நான்தான் மூவரில் இளையவள், கண் நன்றாகத் தெரிகிறவள், அதனால் வரிகள் அதிகமுள்ள தாளை என் தலையில் கட்டுகிறார் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரைக்காலில் சர்ச் என்றால் எல்லோருக்கும் பெரிய மாதா கோயில்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு. பேராயர் உண்டு, போப் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் முப்பது ஜோடி செருப்பு கிடந்தால் அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று அர்த்தம். அந்தச் சபையில் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள் பாதிப் பேர் துபாயிலும் மஸ்கட்டிலும் பாரீஸிலும் இருந்தார்கள். ஆயரம்மாவின் கணவர், சபையின் ஆயர், உயிரோடு இருந்தவரை அவர்களுக்கு மாதம் ஒரு துண்டுப் பிரசுரம் தபாலில் போகும். அவர் காலமானதும், சபை கொடுத்திருந்த வீட்டைக் காலிசெய்து இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்த ஆயரம்மா, வந்த வாரமே என் கடைக்கு வந்து, "ஏம்மா, தபாலில்லாம இதையெல்லாம் அனுப்ப முடியுமாமே, ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. டைப்பிங்கும் அப்படித்தான் கற்றேன், டிசைனும் அப்படித்தான். ஒரு மாதத்தில் இணைய இதழ் தயாராகிவிட்டது. நான் நெடுங்காட்டு மாரியம்மனுக்குத் தீமிதி பார்க்கப் போகிறவள். அதைச் சொன்னபோது ஆயரம்மா, "ஒங்க ஆத்தா கோவிச்சுக்கலைன்னா எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அவர்தான் ஆசிரியர். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் சார் பிழைதிருத்துவார். ஏற்றுவதும் இறக்குவதும் நான். சார் ஒவ்வொரு கட்டுரையையும் பார்சலை எடைபோடுகிற மாதிரிக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப கனம், ரெண்டாப் பிரிங்க" என்பார். "நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க சார், ஒங்க தராசு இன்னும் ஆகல" என்பார் ஆயரம்மா. ஒரு பேச்சு விழுந்தால் வாங்கி வைத்துக்கொள்கிற புத்தி எனக்கு. அந்த இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்தால் வாரத்துக்குத் தேவையானது கிடைத்துவிடும்.

தியானக் கட்டுரைகளையும் பிரசங்கங்களையும் வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லோரும் போய்ப் பார்த்தது ஜெப விண்ணப்பப் பக்கத்தை. விசா கிடைக்க, மருமகளுக்குக் குழந்தை தங்க, குடி நிற்க, பரீட்சை தேற என்று எங்கெங்கிருந்தோ எழுதுவார்கள். அவற்றை நாங்கள் மூவரும் வெள்ளிக்கிழமை சர்ச்சில் வாய்விட்டு வாசிப்போம். பக்கத்தின் தலையில் ஆயரம்மா சொல்லி நான் அடித்த வரி ஒன்று உண்டு: 'கேட்டவரே சொன்னால் ஒழிய எந்த விண்ணப்பமும் இங்கிருந்து எடுக்கப்படாது.' அந்த விஷயத்தில் மட்டும் அவர் கெட்டிப்பிடி. "பதில் வந்துச்சா வரலையான்னு நமக்கு எப்படித் தெரியும்? கேட்டவங்களுக்குத்தான் தெரியும்."

என் முதல் தாளில் ஒரு விண்ணப்பம் இருந்தது. 'பட்டினச்சேரியிலிருந்து ஒரு தாய்: தயிர்சாதத்துக்குச் சர்க்கரை கேட்கும் என் மகன் எங்கிருந்தாலும் வேளைக்குச் சாப்பிட வேண்டும். ஒருநாள் என்னோடு பேச வேண்டும்.' அது வந்த அன்று சார் சிரித்துவிட்டார். "ஆண்டவருக்கு இந்தச் சர்க்கரைக் கணக்கெல்லாம் எதுக்கும்மா? 'என் மகன்' போதாதா?" ஆயரம்மா தலை நிமிராமல், "கேட்டவங்க கேட்ட மாதிரியே இருக்கட்டும் சார், கை வைக்காதீங்க" என்றார். எனக்கு அந்த வரி பிடித்துப்போயிற்று. மீன் கூடையோடு பஸ்ஸில் போகிற ஒரு பட்டினச்சேரி அம்மாவை மனதுக்குள் உருவாக்கி வைத்துக்கொண்டேன். அவருக்கு ஒரு கத்தரிப்பூ நிறப் புடவைகூடக் கட்டிவிட்டேன். வாராவாரம் அவருக்காகக் கொஞ்சம் நிறுத்தி, நன்றாக வாசிப்பேன். நான் வாசித்து முடிக்கும்வரை ஆயரம்மா கண்ணை மூடிக்கொண்டிருப்பார். எல்லா வரிக்கும் அப்படித்தான் மூடுவார் என்பதால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

ஆயரம்மாவுக்கு ஒரே பையன், வெளிநாட்டில் இருக்கிறான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பேச்சு அந்தப் பக்கம் போனால், "அவன் நல்லாருப்பான்" என்று சொல்லி வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

ஏழெட்டு வருஷம் இப்படியே ஓடியது. ஆயரம்மா கண் ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூரில் தங்கை வீட்டுக்குப் போன மாதத்தில், தோஹாவிலிருந்து ஒரு வாசகர் எழுதினார். ஜெபப் பக்கம் போனில் திறக்கவே மாட்டேன் என்கிறதாம், சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். அதை இரண்டாகப் பிரிக்கிற வித்தை எனக்குத் தெரியவில்லை. சாரிடம் கேட்டேன். "வருஷக்கணக்கா ஒரு தகவலும் இல்லாததை வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? ஆள் இல்லாத கடிதத்தை நாங்களே இவ்வளவு நாள் வச்சிருக்க மாட்டோம்" என்றார். அவர் சும்மா சொன்னார். செய்தது என் கை. பழையது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழித்தேன். பக்கம் பட்டென்று திறந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஆயரம்மா ஊருக்கு வந்த அன்றே கடைக்கு வந்தார். புதுக் கண்ணில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, என் கடைச் சுவரில் இவ்வளவு அழுக்கு இருப்பதே இப்போதுதான் தெரிகிறது என்று கேலி பண்ணினார். தம் டேப்லெட்டை எடுத்து ஜெபப் பக்கத்தைத் திறந்தார். விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பட்டினச்சேரி அம்மா ஏதும் எழுதினாங்களா?"

"இல்லம்மா. அது ரொம்பப் பழசு, ஒரு தகவலும் இல்ல. அந்த மாதிரி எல்லாத்தையும் எடுத்துட்டேன். இப்ப பாருங்க, எவ்வளவு சீக்கிரம் தெறக்குது!"

"ம். சரிம்மா."

குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை ஒன்றரைத் தாள்தான் வந்தது. அதிலும் முதல் தாளை எனக்கே தந்தார். கேட்டு முடித்ததும் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, "வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சு" என்றார்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு காலையில் பால் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பையனுடைய நம்பர் யாரிடமும் இல்லை. சபைக்காரர்கள் மறுநாள் அடக்கம் செய்தார்கள். இதழின் முதல் பக்கத்தில் படம் போட்டு, தேதி போட்டு, நான்தான் செய்தியை ஏற்றினேன். அதைப் பார்த்துத்தான் அவருடைய மகனுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார்.

அப்பா இறந்தபோதும் அவர் மூன்றாம் நாள்தான் வந்தாராம். கப்பலில் வேலை, நடுக்கடலில் இறக்கிவிட மாட்டார்கள். வாசலில் அத்தனை பேர் இருக்க ஆயரம்மா, "அப்பா மொகத்தைப் பாக்க வராதவன் எம்மொகத்தையும் பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். பையன் அப்படியே திரும்பிவிட்டார். அம்மாவுக்கு ஏற்ற பிள்ளை. இதை சார் எனக்கு அப்புறம் சொன்னார். சாருக்கு அந்தச் சண்டை தெரியும். அந்தப் பட்டினச்சேரி வரி யாருடையது என்று தெரியாது.

மகன் கல்லறைக்குப் போய்விட்டு நேராக என் கடைக்கு வந்தார். இதழின் அடியில் என் கடை முகவரி இருக்கிறது. போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஜெபப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார். தயிர்சாதம், சர்க்கரை.

"இது எங்கம்மா எழுதினதுக்கா. இந்த ஒலகத்துல வேற யாரும் இப்படித் திங்க மாட்டான்."

என் கத்தரிப்பூப் புடவை அம்மா அந்த நிமிஷத்தில் இல்லாமல் போனார்.

"மாசா மாசம் தெறந்து பாப்பேன்க்கா. இருந்துச்சுன்னா, சரி, இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்கன்னு தெரியும். நானும் வீம்பு. நம்பரைப் போடுவேன், கட் பண்ணிடுவேன். இந்த லீவுக்கு நேரா வாசல்ல போயி நின்னுடலாம்னு டிக்கெட்டெல்லாம் போட்டுட்டேன். கடைசியா ஒரு தடவை பாத்தேன். அது இல்ல. கேட்டவங்களே சொன்னாத்தான் எடுப்போம்னு மேல போட்டிருக்கீங்களே. அப்ப அவங்களே எடுக்கச் சொல்லிட்டாங்க, வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்." பிறகு கேட்டார். "அம்மாதான் எடுக்கச் சொன்னாங்களா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எந்தப் பொய் சொன்னாலும் அது ஆயரம்மாவின் தலையில்தான் போய் விழும். "இல்ல தம்பி. நான்தான் எடுத்தேன். பழசுன்னு எடுத்தேன்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். மகன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒரு போன் போட்டிருக்கலாம் நான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தமக்கே சொல்லிக்கொண்டார்.

இப்போதும் இதழ் வருகிறது. சாரும் நானும்தான். ஆயரம்மா வீட்டு அலமாரியில் வெள்ளிக்கிழமைத் தாள்கள் அத்தனையும் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றைப் பார்த்து, நான் அழித்த விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக மறுபடி அடித்து ஏற்றினேன். தோஹாக்காரர் மறுபடி குறை சொன்னார். சொல்லட்டும். அந்த ஒரு வரியை மட்டும் ஏற்றவில்லை. தம் வாயால் ஒருநாளும் வாசிக்க முடியாததை, வேறொருத்தி வாயால் வாராவாரம் கேட்பதற்காகத்தான் ஆயரம்மா முதல் தாளை எனக்குத் தந்திருக்கிறார். அது புரிந்தபிறகு அந்த வரியைப் பார்த்தால் என் விரல் நகர மாட்டேன் என்கிறது.

அன்றைக்கு மகன் கிளம்பும்போது கடைப் படியில் நின்று திரும்பினார். "எடுத்தது அவங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். தஞ்சாவூர்லேர்ந்து வந்த அன்னைக்கே கேட்டாங்க. பழசு, எடுத்துட்டேன்னு சொன்னேன். சரின்னாங்க."

"சரின்னு சொன்னப்ப அம்மா மொகம் எப்படி இருந்துச்சு?"

அவர் கேட்டது அது ஒன்றைத்தான். அப்பாவின் முகத்தையும் பார்க்காமல், அம்மாவின் முகத்தையும் பார்க்காமல் இரண்டு முறை மூன்றாம் நாள் வந்து சேர்ந்த பிள்ளைக்கு, அதைச் சொல்ல உலகத்தில் இருந்த ஒரே ஆள் நான்தான்.

"நான் பாக்கல தம்பி" என்றேன். "பக்கம் எவ்வளவு சீக்கிரம் தெறக்குதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."