மில் கட்சிக்கு முதல் ஆள்

வாலாஜாபாத்திலிருந்து மில் கட்சிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்றால், அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருத்தரும் கழனிக்குப் போக மாட்டார்கள். கட்சி என்றால் ஓட்டுக் கட்சி இல்லை, சடுகுடு கட்சி. அங்கே ஓர் அரிசி மில்லில் சொந்தமாகக் கட்சி வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் தை மாசம் மில் மேஸ்திரி லாரியில் கிளம்பி ஊர் ஊராக வருவார். பையன்களை ஆடவிட்டுப் பார்த்து, ஓர் ஊருக்கு ஒருவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். போனவனுக்கு வாரம் முழுக்க மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

லாரி முதலில் வருவது எங்கள் ஊருக்குத்தான். அதனால் எங்கள் ஊர்ப் பையன்தான் அந்த வருஷத்துக்கு முதல் ஆள். முதல் ஆளுக்கு மட்டும் சிவப்பு பனியன் கொடுப்பார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு வெள்ளைதான். இதில் எங்கள் ஊருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. லாரி எந்த ரோட்டில் முதலில் திரும்புகிறதோ அந்த ஊரில் பிறந்ததுதான் எங்கள் சாமர்த்தியம். அதை யாரும் அப்படி நினைக்கவில்லை.

இப்போது கண்ணும் மங்கிப்போய் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அந்த முதல் ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு பேர் பார்க்க, மாலை போட்டு, தேர்ந்தெடுத்துக்கொண்டு போன பிள்ளைகள். ஒருத்தரும் தேறவில்லை.

எனக்குத் தெரிந்து முதலில் போனது என் சித்தப்பா. இரண்டு வருஷம் சிவப்பு பனியனோடு இருந்தார். திரும்பி வந்தபோது அவருக்குக் கழுத்து திரும்பவில்லை. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து ஒரு வட்டமடித்துத்தான் பார்ப்பார். சின்னப் பிள்ளைகள் நாங்கள் வேண்டுமென்றே பின்னால் போய்க் கூப்பிடுவோம். அவர் திரும்புவதற்குள் ஓடிவிடுவோம். ஆட்டத்தில் பிடி மாறி விழுந்துவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவரும் ஆமாம் என்றுதான் சொல்வார்.

அடுத்தது தச்சர் வீட்டு அண்ணன். மில்லில் ஏதோ சண்டை என்று ஒரு நாள் புறப்பட்டுப் போனவர்தான். எங்கே போனார் என்று மில்லிலும் தெரியவில்லை, வீட்டிலும் தெரியவில்லை. அவருடைய அம்மா பஸ் வருகிற நேரமெல்லாம் கூட்டு ரோட்டில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு ஆணையும் முகத்துக்கு நேரே பார்ப்பாள். தெரியாதவர்கள் பைத்தியம் என்று விலகிப் போவார்கள்.

இரண்டு பேரை இப்படிப் பார்த்த பிறகும் ஊர் ஏன் லாரிக்குக் காத்திருந்தது என்று கேட்கலாம். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்த அந்த வருஷம், ஏரி தொடர்ந்து இரண்டாம் தடவையாக நிரம்பவில்லை. நைனா வாரத்துக்கு எடுத்திருந்த கழனியில் நாற்று விட்டதோடு சரி. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் கேழ்வரகுக் கூழ் இருந்தால் அது நல்ல நாள். பக்கத்து வீட்டில் பெரியம்மாவுக்கும் அதே கதைதான். பெரியப்பா செத்துப்போய்விட்டார். அவளுக்கு ஒரே மகன். என் அண்ணனும் அவனும் ஒரே வயசு, ஒரே உயரம். எதற்கும் சேர்ந்துதான் போவார்கள்.

சடுகுடுவில் அண்ணனுக்கு மூச்சு பெரிசு. பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனால், அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கெல்லாம் அலுத்துப்போகும், அவனுக்குப் பாட்டு அறுபடாது. பெரியப்பா மகனுக்குப் பிடி பெரிசு. அவன் கையில் சிக்கிய கால் கோட்டுக்குத் திரும்பாது. அதனால் ஊரில் கட்சி பிரிக்கும்போது இவர்கள் இரண்டு பேரையும் ஒரே பக்கம் விட மாட்டார்கள். உத்தி கட்டித்தான் பிரிப்பார்கள்.

உத்தி கட்டுவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். சரிசமமான இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு ஒதுக்குப்புறமாகப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவனிடம் வந்து, இது வேண்டுமா அது வேண்டுமா என்று அந்தப் பேர்களைச் சொல்லிக் கேட்பார்கள். தலைவன் எந்தப் பேரைச் சொல்கிறானோ அந்தப் பேருக்குரியவன் அவன் பக்கம். யாருக்கு எந்தப் பேர் என்று அந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதை அப்புறமும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் அவனை எந்த ஆட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

லாரி வரப்போகிற வாரத்தில் சித்தப்பா அண்ணனிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அண்ணன்தான் அவருக்குக் கழுத்தில் எண்ணெய் போட்டு நீவிவிடுவான். அவர் தாழ்ந்த குரலில் பேசுவார், அவன் நீவிக்கொண்டே கேட்பான். ஒரு நாள் நைனா அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா சொல்லிக்கினு கீற புள்ளகிட்ட? நீ போய் வந்துட்ட, அவன் போவக் கூடாதா?"

"போவட்டும்ணா. நான் இன்னா கையப் புடிச்சி இழுத்துக்கினா கீறேன்?" என்றார் சித்தப்பா. நைனாவைப் பார்த்துச் சொல்வதற்காக முழு உடம்பையும் திருப்பினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆள் எடுக்கிற நாள் வந்தது. களத்து மேட்டில் கோடு போட்டிருந்தார்கள். மேஸ்திரி லாரியின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஆட்டத்தை அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை. ஆடி முடித்து வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பிடரியை அழுத்திப் பார்த்தார். தோளில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். குந்தவைத்து எழுந்திருக்கச் சொன்னார். ஆட்டத்தில் எவ்வளவு விஷயம் தெரிந்த மனுஷன் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"இவனை எதுக்குடா இட்டாந்தீங்க? ஊதுனா பறந்துடுவான் போல கீது" என்று ஒருவனைத் தள்ளிவிட்டார். பெண்கள் பக்கம் சிரிப்பு. "அவங்கம்மா ஊட்டுல அவன்தான் தடியன், மேஸ்திரி!" என்று யாரோ குரல் கொடுத்தாள். அந்தப் பையன் சட்டையைத் தேடிக்கொண்டு ஓடினான்.

கடைசியில் அண்ணனும் பெரியப்பா மகனும் மட்டும் நின்றார்கள். மேஸ்திரி இரண்டு பேரின் பிடரியையும் மாறி மாறி அழுத்தினார்.

"ரெண்டும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி கீறானுங்க. எனக்கு ஒருத்தன்தாம்பா வேணும். பேஜாரா போச்சே."

"உத்தி கட்டிடலாம் மேஸ்திரி" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

மேஸ்திரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தொடையைத் தட்டிச் சிரித்தார். "கட்டிக்கினு வாங்கடா. நான் கேக்கறேன்."

நான் அந்த நேரம் வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தேன். கூட்டத்தில் நின்று பார்க்க எனக்கு எப்போதும் கூச்சம். அவர்கள் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு போருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"நான் மணலு. நீ வண்டலு" என்றான் அண்ணன்.

"சரிடா. எவனுக்கு வந்தாலும் கோவிச்சிக்கக் கூடாது."

"இன்னாத்துக்குக் கோவம்? வா."

போனார்கள். நானும் போரைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தேன். பெரியம்மா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன்தான் கேட்டான். "பாலாத்து மணலு வோணுமா, ஏரி வண்டலு வோணுமா?"

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசிப்பதுபோல் நடித்தார். "மணல வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? வண்டலு குடு. அதுல போட்டதெல்லாம் வெளையும்."

வண்டல் பெரியப்பா மகன். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தான். அதற்குள் அண்ணன் அவன் மார்பில் கை வைத்து நிறுத்தி, தான் ஓரடி முன்னால் போய், "நான்தான் வண்டலு" என்றான்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. பெரியப்பா மகன் எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவனால் என்ன சொல்ல முடியும்? உத்தியில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது. அவன் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. சிவப்பு பனியனைத் தலை வழியாக மாட்டிக்கொண்டிருந்தான்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால், ஒரு நொடியில், என் அண்ணன் மேஸ்திரியை ஏமாற்றி, பெரியப்பா மகனை ஏமாற்றி, முதல் ஆளாகிவிட்டான். அவர்கள் இரண்டு பேரைத் தவிர இது ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியொரு சாமர்த்தியசாலிக்குத் தங்கையாகப் பிறந்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

முதல் வருஷம் அண்ணன் நன்றாகத்தான் ஆடினான் என்று சொன்னார்கள். பழையசீவரத்தில் நடந்த ஆட்டத்துக்கு நைனா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் பாடிக்கொண்டு போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்துகொண்டான். முன்பெல்லாம் அப்படிக் குனிய மாட்டான். அவன் பிடரியில் மயிர் உதிர்ந்து, தோல் காய்த்து, மாட்டுக் கழுத்து மாதிரி இருந்தது. அது மூட்டை சுமந்த தழும்பு. ஆட்டக்காரர்களைத்தான் மில்லில் நெல் இறக்கவும் அரிசி ஏற்றவும் வைத்திருந்தார்கள். மேஸ்திரி பிடரியை அழுத்திப் பார்த்தது அதற்குத்தான். சித்தப்பாவின் கழுத்து போனதும் ஆட்டத்தில் இல்லை.

அண்ணனுக்குக் கழுத்து போகவில்லை, மூச்சு போனது. மூட்டை இல்லாத நேரத்தில் கிடங்கில் உமி தள்ளுகிற வேலை. அந்தத் தூசி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது வருஷம் பாட்டு பாதியில் அறுந்தது. பாட்டு அறுந்தவனுக்குக் கட்சியில் இடமில்லை. கட்சியில் இடமில்லாதவனுக்கு மில்லில் வேலை இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கினான். கூட்டு ரோட்டில் தச்சர் வீட்டு அம்மா அவன் முகத்தையும் நேருக்கு நேரே பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாளாம்.

அவ்வளவு காலமாகப் பேசாமலிருந்த பெரியப்பா மகன் ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"எனக்கு வந்தத எடுத்துக்கினு போனியே, நல்லா கீறியா?"

அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமி முடித்துவிட்டு, "நல்லா கீறேன்டா. ஊட்டுக்குப் போ" என்றான்.

அவன் போய்விட்டான். மறு தையைப் பார்க்காமல் அண்ணனும் போய்விட்டான். பெரியப்பா மகன் பாடைக்குத் தோள் கொடுத்தான், ஆனால் அழவில்லை. இன்றைக்கும் இருக்கிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அண்ணன் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறான். அவனிடம் போய் நான் என்ன சொல்வது? அண்ணன் பிடுங்கிக்கொண்டது வேலையையா, அந்த மூட்டையையா என்று. சொன்னால் நம்புவானா? எனக்கே நிச்சயமாகத் தெரியாதே. எண்ணெய் போடும்போது மில்லைப் பற்றிச் சித்தப்பா சொன்னதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும். பெரியப்பா மகனுக்குத் தெரியாது. அதனால் அவன் போகாமலிருக்கத் தெரிந்தவன் முந்திக்கொண்டானா? இல்லை, எங்கள் வீட்டு அடுப்பை நினைத்து, எல்லாம் தெரிந்தும் போனானா? அண்ணனிடம் கேட்க எனக்கு வாய் வந்தபோது அவன் இல்லை.

அண்ணனை ஏற்றிக்கொண்டு லாரி போன அன்றைக்கு நான் வீட்டுக்கு ஓடினேன். முதல் ஆளின் வீட்டுக்கென்று மில்லிலிருந்து ஒரு பை நொய்யரிசி இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா அதில் ஒரு படியை உலையில் போட்டிருந்தாள். வீடெல்லாம் சோற்று வாசனை. சித்தப்பா சுவர் பக்கமாக உட்கார்ந்திருந்தார். நான் அம்மாவின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். மணல் அண்ணன், வண்டல் பெரியப்பா மகன், மேஸ்திரி கேட்டது வண்டலை, அண்ணன் எப்படி ஏமாற்றினான் பார் என்று.

அம்மா உலையிலிருந்து கரண்டியை எடுத்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். லாரி போய் வெகு நேரமாகியிருந்தது. சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. கரண்டி பிடித்த கையாலேயே என் வாயைப் பொத்தினாள். "யார்கிட்டயும் சொல்லாத. பெரியம்மாகிட்ட சொல்லவே சொல்லாத" என்றாள்.

விஷயம் வெளியே தெரிந்தால் மேஸ்திரி அண்ணனைத் திருப்பி அனுப்பிவிடுவார், அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று புரிந்துகொண்டு நான் தலையாட்டினேன்.

அம்மா எனக்குச் சோறு போட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சுடச்சுடச் சோறு. அவள் சாப்பிட உட்காரவில்லை. ஏம்மா என்றதற்கு வயிற்றை வலிக்கிறது என்றாள். அவளுடைய பங்கையும் எனக்கே போடச் சொல்லி நான் தட்டை நீட்டினேன். போட்டாள். அண்ணன் மாசா மாசம் இப்படி ஒரு பை அனுப்புவானா என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.