கழற்றிக்கொண்டு வந்த கதவு

வெர்லின் சோரன்சன் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் மாதம் முழுக்க மாலையில் அவருக்கு இதுதான் வேலை. டிராக்டர் கொட்டகையில், இரண்டு மரத்தாங்கிகளின் மேல் படுக்கவைத்த ஒரு பழைய கதவுதான் அவருடைய மேசை. தோகையை ஒரே இழுப்பில் கிழிப்பார். ஒட்டிய நாரைக் கட்டைவிரலால் வழித்துச் சட்டையில் துடைப்பார். கதிரை உருட்டிவிட்டால் அது நேரே போய், கதவில் அறைந்திருக்கும் பித்தளைத் தகட்டில் முட்டி நிற்கும். ‘இயக்குநர்கள் மட்டும்’ என்று அதில் பொறித்திருக்கிறது.

எங்கள் வட்டாரத்து மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்ட அறைக் கதவு அது. வெர்லினுக்குத் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் வங்கிக்காரர், தானியக் கிடங்குக்காரர், வக்கீல் என்று நாலைந்து பேர் அதற்குப் பின்னால் உட்கார்ந்து கட்டணத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “என்னை ஜெயிக்க வைங்க, முதல் நாளே அந்தக் கதவைக் கழட்டறேன்” என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வெர்லின் இயக்குநர் தேர்தலில் நின்றார். ஜெயித்தார். திருப்புளியோடு வந்து, எல்லோரும் பார்க்கக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அன்று பதவி இழந்த வங்கிக்காரரின் தாத்தாதான், நகரத்து மின்சாரக் கம்பெனியை எதிர்த்து விவசாயிகளைத் திரட்டி இந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர். அவருடைய படம் இன்னும் அலுவலகச் சுவரில் இருக்கிறது. கையில் லாந்தர், முகத்தில் கோபம்.

அதைக் கழற்றிய நாளிலிருந்து வெர்லினுக்குக் கதவு சாத்துவது பிடிக்காது. பக்கத்துப் பண்ணையிலிருந்து அடிக்கடி போய்வரும் நான், குளியலறை தவிர அந்த வீட்டில் வேறு கதவு சாத்திப் பார்த்ததில்லை. எங்கள் டகோட்டா மாநிலத்துக் குளிரில் பனியும் பூனையும் சேர்ந்து உள்ளே வரும். “இவர் ஊருக்குப் பண்ணின சத்தியத்துக்கு நான் வீட்டுக்குள்ள கோட்டு மாட்டிக்கிட்டுத் திரியறேன்” என்பார் அவர் மனைவி ஆர்டிஸ்.

ஜனாதிபதித் தேர்தலில் வெர்லின் கட்சி பார்ப்பதில்லை. “அவங்களைத் துரத்தணும்” என்று யார் உரக்கச் சொல்கிறாரோ அவருக்குத்தான் ஓட்டு. ஒரு முறை இந்தக் கட்சி, அடுத்த முறை அந்தக் கட்சி. தேர்தல் முடிந்ததும் வாசலில் நட்ட விளம்பர அட்டைகளைப் பிடுங்கிக் கோழிக்கூண்டுக்குக் கூரை போடுவார். “ரெண்டு கட்சி அட்டையும் ஒரே மாதிரிதான் ஒழுகுது.” இரண்டு வருடம் போனால், “இவனும் போய் அவங்களோட உக்காந்துட்டான்” என்பார். ‘அவங்க’ யார் என்று கேட்டால் வாஷிங்டன் இருக்கும் கிழக்குத் திசையில் கையை வீசுவார். இப்போதெல்லாம் அந்தக் கை பாதி வழியில் நின்றுவிடுகிறது.

காரணம் இருக்கிறது. கதவில்லாத அறையில் எல்லோரும் வந்து கத்தினார்கள். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கவே பாதி வருடம் ஆயிற்று. ஆகவே இயக்குநர்கள் கூட்டத்துக்கு முந்தின மாலை ஸ்டீக் கடையின் உள்ளறையில் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். “சும்மா சாப்பிடத்தான்” என்பார் வெர்லின். முடிவாக வேண்டியதெல்லாம் சாலட்டுக்கும் இறைச்சிக்கும் நடுவில் முடிவாகிவிடும். பிறகு ஏசி வீணாகிறது என்று கூட்ட அறைக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. வெர்லினும் சரியென்று கை தூக்கினார்.

“கண்ணாடிதானே, உள்ள நடக்கறது தெரியுதுல்ல?”

“தெரியுது. கேக்கத்தான் மாட்டேங்குது” என்றார் ஆர்டிஸ்.

போன வியாழக்கிழமை நானும் அவரோடு கதிர் உரித்துக்கொண்டிருந்தபோது ஜோலீன் ப்ரோஹாஸ்கா பிக்கப் வண்டியில் வந்து இறங்கினாள். பால் லாரி ஓட்டுகிறவள். வெர்லினின் மகளோடு படித்தவள். வருகிற சனிக்கிழமை நடக்கும் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வெர்லினின் இடத்துக்கு அவரை எதிர்த்து நிற்கிறாள்.

“வெர்லின், ஒரு சாமான் இரவல் வேணும்.”

“எடுத்துக்கோ.” என்ன சாமான் என்று கேட்டுவிட்டு அவர் எதையும் கொடுத்ததில்லை.

“இந்தக் கதவு.”

அவர் கையிலிருந்த கதிர் பாதி உரிந்தபடி நின்றது.

“மேடைக்கு முன்னாடி நிறுத்தப்போறேன். கழட்டினவரே திரும்ப மாட்டிக்கிட்டார்னு பேசப்போறேன். உங்ககிட்ட சொல்லாம செஞ்சா நல்லாயிருக்காதுல்ல.”

“என்னை அடிக்க என் கதவையே கேக்கிறியே பொண்ணே!”

“சங்கத்துக் கதவுதானே அது?”

வெர்லின் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவள் வண்டியில் அடுக்கியிருந்த பளபளப்பான விளம்பர அட்டைகளைப் பார்த்தார்.

“இதெல்லாம் யார் செலவு?”

ஜோலீனின் காது சிவந்தது. “காத்தாடி நட்டு கரண்ட் விக்கிறாரே, அவரு. நான் கேக்கல, அவராத்தான் குடுத்தாரு. அவருக்கும் சங்கத்து மேல கோவம்.”

“எனக்கும் ஒருத்தர் குடுத்தாரு. டிராக்டர் விக்கிறவரு. ரெண்டாவது வருஷம் பாத்தா கூட்ட அறையில என் பக்கத்து நாற்காலில உக்காந்திருக்காரு.”

“நான் அப்படி விடமாட்டேன்.”

“நானும் இதையேதான் சொன்னேன். நெசமாத்தான் சொன்னேன்.”

“நீங்க இப்ப அவங்கள்ல ஒருத்தர், வெர்லின்.” அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைக் குழப்பியிருக்க வேண்டும். தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்பது போலத் திரும்பிப் பார்த்தார். கோழிகள்தான் நின்றன.

கதிர்களைக் கூடையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கதவின் ஒரு முனையைத் தூக்கினார். அவள் மறுமுனையைப் பிடித்தாள். வண்டியில் ஏற்றியதும் கயிற்றில் அவள் போட்ட முடிச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. “இப்படிக் கட்டினா நெடுஞ்சாலையில பறந்துடும்” என்று அவிழ்த்துத் தானே இறுக்கிக் கட்டினார்.

நான் என் பங்குக் கதிர்களை வாங்கிக்கொள்ளப் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். ஆர்டிஸ் வெந்த கதிரிலிருந்து மணிகளைக் கத்தியால் சீவி, பெரிய பாத்திரத்தில் தள்ளிக்கொண்டிருந்தார். கூடையை இறக்கிவிட்டு வெர்லின் நின்றுகொண்டே இருந்தார். சங்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டுதான். இயக்குநர்கள் மேடையில் உட்கார்ந்துவிடுவதால், இத்தனை வருடமாக அந்த வீட்டின் சீட்டைப் பெட்டியில் போடுவது ஆர்டிஸ்தான். அங்கே தரும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சையும் இலவச பல்பையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். யாருக்குப் போட்டாய் என்று கேட்க வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

“கதவைக் குடுத்துட்டேன்” என்றார் வெர்லின்.

“ஜன்னல் வழியா பாத்தேன்.”

“அவ சொல்றதும் சரியாத்தான் இருக்கு. நான் செஞ்சதும் தப்பாத் தெரியல. எங்க மாறிச்சுன்னே புரியல, ஆர்டிஸ்.”

ஆர்டிஸ் இன்னொரு கதிரை எடுத்து நிறுத்திச் சீவினார்.

“சனிக்கிழமை நம்ம ஓட்டு... எனக்குத்தானே?”

கத்தியை ஈரத்துணியில் துடைத்து வைத்தார் ஆர்டிஸ். பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஃப்ரீசர் இருக்கும் பின்னறைக்குள் போனார். உள்ளே போனவர் சாத்துவதற்காகத் தோளால் கதவைத் தள்ளினார். சாத்திப் பழக்கமில்லாத கதவு. முதல் தள்ளலில் நிலையில் பொருந்தவில்லை. இன்னொரு தரம் தள்ளினார்.