மூன்றாவது நட்சத்திரம்

எங்கள் ஊர் ஓமருவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் நோலீன் டாசன், பிள்ளைகளெல்லாம் இறங்கிய பிறகும் கடைசி இருக்கை வரை நடந்து, குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுப்பாள். இருபது வருடத்தில் ஒரே ஒரு பிள்ளைதான் தூங்கிக் கிடந்தது. அதற்கா இத்தனை பாடு என்று கேட்டாலும் மறுநாள் குனிந்து பார்ப்பாள். அழுத்தக்காரி.

எங்கள் வானியல் சங்கத்தில் அவளும் நானும் அவரவர் தொலைநோக்கியில் ஒரே நட்சத்திரத்தை அளந்துவந்தோம். அது பெரிய ராட்சதன். எக்ஸ் கதிர் கக்கும் குட்டித் துணை நட்சத்திரம் ஒன்று ஒன்பது நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றி, இழுத்து இழுத்து முட்டை வடிவமாக்கிவிட்டது. விலாப்பக்கம் தெரிந்தால் வெளிச்சம் கூடும். முனை தெரிந்தால் குறையும். மயிரிழை வித்தியாசம்தான். மாறாத ஒரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். அது உண்மையிலேயே மாறாததுதானா என்று பார்க்க மூன்றாவது ஒன்றையும் அதோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும் என்பது விதி.

சொன்னால் கேட்கிற ஆளா நான்? விரல் விறைக்கிற குளிரில் மூன்றே மாதத்தில் மூன்றாவதைக் கைகழுவினேன். நோலீன் விடவில்லை. போலீசுக்கே போலீசா என்று சங்கத்தில் எல்லோர் முன்னும் அவளைக் கேலி செய்தேன்.

மூன்று வருடம் போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடிதமும் நோட்டுகளுமாக என் சமையலறைக்கு வந்தாள். ராட்சதனைப் பற்றிக் கட்டுரை எழுதும் வெலிங்டன் ஆராய்ச்சியாளர் ஒருவர் அவள் அனுப்பிய அளவுகளை ஏற்கவில்லையாம். ஒன்பது நாள் ஏற்ற இறக்கத்தோடு வேறொரு ஆட்டமும் கலந்திருக்கிறது, கருவிக் கோளாறாக இருக்கும் என்று எழுதியிருந்தார். மூன்று வருடமும் வீணா என்று கேட்டாள். எனக்கே பாவமாக இருந்தது.

என் அளவுகளை எடுத்துப் பார்த்தோம். அதே ஆட்டம்.

"ரெண்டு கருவிக்கும் ஒரே கோளாறா வரும்? ராட்சதன்தான் ஆடுறான்" என்றேன்.

அவள் மூன்றாவது நட்சத்திரத்தின் நோட்டைப் பிரித்தாள். அதிலும் அதே ஆட்டம். மூன்றுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: நாங்கள் மாறாதது என்று நம்பிய நட்சத்திரம். ஆடியது அது.

சாயங்காலத்துக்குள் ராட்சதனை மூன்றாவதோடு ஒப்பிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டுவிட்டாள். சுற்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், சுத்தமாக வந்தது. போதாததற்கு, யாரும் அறியாத புது மாறும் நட்சத்திரம் ஒன்றும் அவள் கணக்கில் சேர்ந்தது. சந்தோஷத்தில் என் சீஸ் ரோலையும் சேர்த்துத் தின்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். கேலியே இல்லை.

"உன்னோடதையும் சரி பண்ணிடலாம். மூணாவது நோட்டை எடுத்துட்டு வா."

மூன்று மாதத்தோடு நின்றுபோன அந்த நோட்டை எடுக்க நான் எழுந்திருக்கவில்லை. ஆத்திரமாக வந்தது, அவள்மேல் அல்ல.