ஆண்கள் வார்டில் படுக்க மறுத்த ரேவதி அக்கா

ரேவதி அக்கா போய்விட்டார். இன்று காலை. ஆம்புலன்ஸ் வந்தது... பிரயோஜனம் இல்லை.

தப்பும் தவறுமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையக் கார்கோவில் நானும் அக்காவும் ஒரே ஷிப்ட். நான் பெட்டிகளை ஸ்கேன் செய்வேன், அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். யாராவது போனைப் பார்த்துக்கொண்டே குறுக்கே நடந்தால் ஹாரனில் ஒரே அழுத்து. "வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று ஒரு சத்தம்.

அக்கா திருநங்கை. அவர் அதை யாரிடமும் மறைத்ததில்லை.

அடையாள அட்டையில், ஐசியில் மட்டும் பழைய பெயர், ஆண் என்று. பெயரையாவது மாற்றலாமே என்று ஒருமுறை கேட்டேன். "அம்மா வச்ச பேரும்மா. கிளமெண்டில அவங்க இருக்குற வரைக்கும் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் லா" என்றார்.

கிளினிக்கில்தான் அந்தப் பெயரால் வம்பு. நர்ஸ் சத்தமாகக் கூப்பிடுவார். சுடிதாரில் அக்கா எழுந்தால் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும். ஓரிரு தடவை எழுந்திருக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் குமார் கூடப் போக ஆரம்பித்தார். பெயர் கூப்பிட்டதும் குமார் எழுந்து நடப்பார். அக்கா அவர் மனைவி மாதிரி பின்னாலேயே போவார். கதவைச் சாத்திய பிறகுதான் நோயாளி யார் என்று டாக்டருக்கே தெரியும்.

திரும்பும் வழியில் தேக்கா மார்க்கெட்டில் மூவருக்கும் பரோட்டா. அக்கா முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு, "தம்பி, டாக்டர் உங்கள என்னென்ன சாப்பிடக் கூடாதுன்னாரு?" என்பார். குமாருக்குப் புரையேறும்.

போன மாதம் வயிற்று வலி. டாக்டர் ஹார்மோன் மாத்திரையைப் பற்றியே கேட்டாராம். எப்போதிருந்து, எதற்கு, வீட்டில் தெரியுமா... அதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். "வயித்துல கைய வச்சுக்கூடப் பாக்கல" என்றார் அக்கா.

போன வாரம் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள்தான் கூட்டிப்போனோம். பித்தப்பையில் சீழ், உடனே அட்மிட் ஆக வேண்டும் என்றார்கள்.

படுக்கை ஆண்கள் வார்டில். ஐசியில் அப்படித்தானே இருக்கிறது.

தனி அறை கேட்டேன். காலி இல்லை. ஓரத்துக் கட்டிலாவது கொடுங்கள், சுற்றித் திரை போட்டு... கெஞ்சினேன். அந்த நர்ஸ் பாவம், அவருக்கே கண் கலங்கிவிட்டது. "சிஸ்டம் விட மாட்டேங்குதுக்கா. சாரி."

அக்கா வாசலில் நின்று உள்ளே பார்த்தார். அத்தனை ஆண்களும் அவரைப் பார்த்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"இங்க துணி மாத்தி, இங்க பாத்ரூம் போயி... என்னால முடியாதும்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு."

குமார் அங்கேயே அழுதுவிட்டார். பெயருக்கு எழுந்து நடந்த மனுஷன், கட்டிலுக்கு என்ன செய்வார்?

சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். "மாத்திரை இருக்குல்ல, காய்ச்சல் விட்டுரும் பாரு" என்றார்.

விடவில்லை.

யாரிடம் போய்க் கேட்பது? பித்தப்பையில் ஆண் என்ன, பெண் என்ன? ஒரு கட்டில்... ஒரே ஒரு கட்டில் கிடைத்திருந்தால் அக்கா இருந்திருப்பார்.

நாளை மதியம் மண்டாயில் தகனம். கிளமெண்டியிலிருந்து அக்காவின் அம்மாவும் வருகிறார்.

நண்பர்களே, அங்கே பலகையில் ரேவதி என்று இருக்காது. வேறு பெயர் இருக்கும். தேடி அலைய வேண்டாம், குமார் வாசலில் நிற்பார்.

அக்கா... உள்ளே அந்தப் பெயரைக் கூப்பிட்டால், எப்போதும்போல் குமார் எழுந்துகொள்வாராம். நீங்கள் பின்னால் வந்தால் போதும்.