காலி வீதி மேல்மாடியில் விழுந்த வெப்சைற்றுகள்

வெப்சைற் திருத்துகிறவர்களிடம் வாடிக்கையாளர் சொல்லும் முதல் வசனம் எப்போதும் ஒன்றுதான்: "நான் ஒண்டும் செய்யேல்லை, அது தானா நிண்டிட்டுது." இதை வாசிக்கிற நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால் இப்போது தலையாட்டியிருப்பீர்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டு ரீவி நின்ற அன்று நீங்களும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

நான் சொல்லப்போவது சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக்கிடந்த வருசங்களில் நடந்தவை. அம்மாவும் அப்பாவும் அங்கே. நான் இங்கே, கொழும்பில், பாமன்கடையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு. வேலை வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு சாறிக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக் கொம்பனியில். நான் சேர்ந்தபோது அங்கே கதிரைகளைவிட ஆட்கள் கூட. கடைசியில் கதிரைகள் எல்லாம் எனக்குத்தான் என்று ஆனது.

நல்ல பிள்ளைகள் இரண்டு

கொட்டாஞ்சேனையில் கலியாணத் தரகு செய்த ஆறுமுகம் ஐயா, சாதகக் குறிப்புகளை வெப்சைற்றில் ஏற்றிய புதுமைக்காரர். ஒரு நாள் அவருடைய தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி பொஸ் என்னை அனுப்பினார். எங்கள் வைத்தியம் உங்களுக்குத் தெரியும். தளத்தில் கூடுதல் வேலைகளுக்காக ஒட்டிவைத்திருக்கும் பிளகின்களை எல்லாம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, எதைப் போடும்போது விழுகிறது என்று பார்ப்பது. ஐயா கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். பொருத்தம் பார்க்க ஒரு பிளகின், நல்ல நாள் பார்க்க ஒரு பிளகின். தனித்தனியே போட்டால் இரண்டும் ஒழுங்காக ஓடின. சேர்த்துப் போட்டால் வெள்ளை.

அவற்றை எழுதிய இரண்டு பேரும், ஒருவரை ஒருவர் அறியாமல், உள்ளே ஒரு பகுதிக்கு ஒரே பெயரை வைத்திருந்தார்கள். எது எதுவென்று தெரியாமல் சேர்வர் நின்றுவிடுகிறது என்று விளங்கப்படுத்தினேன். இரண்டிலும் பிழையில்லை, ஆனால் சேர்த்து வைக்க ஏலாது என்றேன். ஐயா தேத்தண்ணியை ஆற்றி என் பக்கம் தள்ளிவிட்டு, என் வயதையும் நட்சத்திரத்தையும் விசாரித்தார். நட்சத்திரம் தெரியாது என்று பொய் சொன்னேன். அவர் அதை நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டும் நல்ல பிள்ளையள், ஆனா சேர்த்து வைக்க ஏலாது. இந்த ஒரு வசனத்தைச் சொல்லித்தானே பிள்ளை நான் இவ்வளவு காலமும் பெத்தவையிட்டப் பேச்சு வாங்கிறன்."

மேசைக்குக் கீழே

எங்கள் சொந்தச் சேர்வர் ஒன்று யோகனின் மேசைக்குக் கீழே இருந்தது. யோகன் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன், என்னைவிட இளையவன். சேர்வர் வேலை முழுக்க அவன் பொறுப்பு. அந்தப் பெட்டியில் ஓடிய மென்பொருள் எவ்வளவு பழசு என்றால், அதைச் செய்தவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். புதுசு போட்டால் பாதித் தளங்கள் உடனே விழும். போடாவிட்டால் என்றைக்கோ ஒரு நாள் எல்லாம் சேர்ந்து விழும். இந்த இக்கட்டில் இருந்திராத சேர்வர்காரர் யார்? யோகன் காலையில் வந்ததும் குனிந்து அதன் முதுகில் கைவைத்துப் பார்ப்பான், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

ஒரு பின்னேரம் அவனைச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி. கொழும்பில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். வேலைக் கடிதம் அறையில் இருந்திருக்கிறது. பொஸ் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கதைத்து அடுத்த நாள்தான் கூட்டிவந்தார். யோகன் வந்து, குனிந்து, பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலையில் இருந்தான். கொஞ்ச நாளில் கட்டாருக்கு விசா எடுத்துவிட்டான். போகிற அன்று மேசைக்குக் கீழே தானே கூட்டித் துடைத்தான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பிச் சொன்னான்: "அக்கா, நான் போன பொறகு இத மட்டும் நிப்பாட்டிறாதீங்க. நின்னுச்சுன்னா திரும்ப எந்திரிக்குமான்னு எனக்கே தெரியாது."

பனி விழுந்த கல்கிசை

பொஸ்ஸும் தங்கச்சியின் கலியாணம் என்று கனடா போய் அங்கேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவுஸ்திரேலியா. அறையில் நானும் சேர்வரின் காற்றாடிச் சத்தமும். மத்தியானம் சோத்துப் பார்சலைப் பிரித்து வைத்து, திரையில் எதையாவது வாசித்துக்கொண்டு சாப்பிடுவேன். சில நாட்களில் பின்னேரம் பாமன்கடை அறைக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் தெரியும், அன்று முழுக்க சாப்பாட்டுக் கடையில் "பருப்பைக் கொஞ்சம் கூடப் போடுங்கோ" என்றதைத் தவிர நான் வாய் திறக்கவில்லை என்று. ஆளில்லாதது வாடிக்கையாளருக்குத் தெரியவேண்டாம் என்று பொஸ் கனடாவிலிருந்து எழுதினார். சப்போர்ட், டிசைன், கணக்கு என்று ஒவ்வொரு பகுதியின் முகவரியிலிருந்தும் நானே பதில் போட்டேன்.

கல்கிசையில் கேக் வகுப்பு நடத்திய திருமதி இராஜநாயகம், நத்தாருக்காகத் தன் தளத்தில் பனி விழுகிற பிளகின் ஒன்றைத் தானே போட்டுவிட்டார். கேக்குகளுக்கு மேல் அழகாகப் பனி கொட்டியது. ஆனால் ஓடர் கொடுக்கிற பொத்தானை ஒருவராலும் அழுத்த முடியவில்லை. பனிப்படலம் முழுப் பக்கத்தையும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மாதிரி மூடியிருந்தது. பனியை எடுத்துவிடுங்கள் என்று சப்போர்ட்டிலிருந்து எழுதினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த நாள் டிசைனிலிருந்து, பனியைத் தலைப்புப் படத்தில் மட்டும் விழவிட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று எழுதி, அப்படியே செய்தும் கொடுத்தேன். அவர் பொஸ்ஸுக்கு எழுதிய கடிதத்தை பொஸ் எனக்கே அனுப்பிவைத்தார்: "உங்கட டிசைன் பகுதியில இருக்கிற பிள்ளை தங்கமான பிள்ளை. சப்போர்ட்டில இருக்கிறவவை அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில கொஞ்ச நாள் இருத்தி வையுங்கோ."

ஒன்றும் இல்லாத பக்கம்

ஒரு காலை வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. கீழே கடைகளைப் பார்த்துவிட்டு இரண்டு பொலிஸ்காரர் மேலேயும் ஏறி வந்தார்கள். அடையாள அட்டையையும் கொழும்பில் தங்குவதற்கு எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டையும் மேசையில் வைத்தேன். என் திரையில் அப்போது ஒரு வெள்ளைப் பக்கம். ஒரு பயண முகவரின் தளம், நேற்றிலிருந்து அப்படியே கிடந்தது. இளையவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் வந்ததும் எதை மறைத்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸுக்கும் மரக்கறிக் கடைக்கும் காணும். பிளகின் மோதலை விளங்கப்படுத்த எங்கே காணும்? இதில் ஒன்றும் இல்லை ஐயா, ஒன்றும் இல்லாததுதான் பிரச்சினை என்று எப்படியோ சொன்னேன்.

மூத்தவர் வெறுங் கதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவற்றில் இருக்கிறவர்கள் எங்கே என்றார். போய்விட்டார்கள் என்றேன். எங்கே என்றார். நாடுகளின் பெயரைச் சொன்னேன். அவர் துண்டை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். இளையவரைக் கூட்டிக்கொண்டு இறங்கப் போனவர், படியில் நின்று, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி நங்கி என்று கூப்பிட்டுக் கேட்டார்: "ஒன்றுமே இல்லாத ஒன்றையா நங்கி, நாள் முழுக்கத் தனியே இருந்து பார்க்கிறாய்?"

ஹாஜியாரின் அழைப்பு

புறக்கோட்டையில் கட்டில், மேசை விற்கும் தளபாடக் கடை வைத்திருந்த ஹாஜியாரின் தளம் அந்த மேசைக்குக் கீழ்ச் சேர்வரில்தான் இருந்தது. வேறு இடத்துக்கு மாற்றிவிடுவோம், இந்த மென்பொருள் பழசு என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். ஓடுறதை ஏன் தொடுவான் என்பார். உங்கள் வாடிக்கையாளரும் அதைத்தான் சொல்வார் என்று தெரியும். ஆனால் இவர் ஒரு விதம். நகரில் எங்காவது குண்டு வெடித்த செய்தி வந்தால், வெப்சைற் ஓடுதா என்று கேட்டு எனக்கு போன் அடிப்பார். நானும் பக்கத்தைத் திறந்து பார்த்து, ஓடுது ஹாஜியார் என்பேன். சரி மகள் என்று வைத்துவிடுவார். குண்டுக்கும் தளபாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்ததே இல்லை.

ஒரு பின்னேரம் தெகிவளைப் பக்கம் வெடித்தது. நான் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் நகராமல் நின்றது. கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்படியான பொழுதில் பஸ்ஸுக்குள் தமிழில் கதைக்க மாட்டோம், அதனால் எடுக்கவில்லை. இறங்கி, ஒரு மதிலோரம் நின்று பார்த்தால் எல்லாம் ஹாஜியாரின் அழைப்புகள். தளம் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். திருப்பி அடித்து, அவர் எடுத்தவுடன், இன்னும் கந்தோருக்குப் போகவில்லை, போனதும் பார்க்கிறேன் என்று மன்னிப்புக் கேட்டேன். மற்றப் பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "வெப்சைட் ஓடினா என்ன, ஓடாட்டி என்ன மகள். நீங்க போன எடுக்கிறீங்களான்னு பாக்கத்தானே நான் ஒவ்வொரு தரமும் கோல் பண்ணின."

கேள்விக்குறிகள்

அன்ரன் அண்ணை கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருந்தவர். மரண அறிவித்தலும் முப்பத்தோராம் நாள் நினைவுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகமும்தான் அவருக்குக் கூடுதலான வேலை. வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் பார்க்கட்டும் என்று அறிவித்தல்களை ஒரு தளத்திலும் போட்டுவந்தார். பாதை மூடிய பிறகு, உள்நாட்டிலேயே செத்தவீட்டுக்குப் போக முடியாதவர்களும் அந்தத் தளத்துக்கு வரத் தொடங்கினார்கள். அது இருந்தது வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றில். அங்கே ஒரு நாள் தரவுகளை வைத்திருக்கும் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். தமிழ் எழுத்தை எப்படிக் கொண்டுபோவது என்று ஒருவரும் பார்க்கவில்லை. காலையில் தளத்தைத் திறந்தால், எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகள். படங்கள் அப்படியே இருந்தன. பொட்டு வைத்த முகங்கள், கண்ணாடி போட்ட முகங்கள், பள்ளிக்கூட ரை கட்டிய முகங்கள். கீழே பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறி வரிசை.

பிரதி எடுத்து வைக்கிற பிளகின் வேறொன்றோடு மோதி, மாதக்கணக்காகச் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது. அதற்கு முந்திய அறிவித்தல்கள் பிரதியிலிருந்து திரும்ப வந்தன, பிந்தியவை வரவில்லை. அச்சடித்தவற்றை அன்ரன் அண்ணை தேடித் தந்தார். நேரே தளத்துக்கு அனுப்பியவர்களுடையது எங்கும் இல்லை. ஆனால் இலக்கங்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கேள்விக்குறிகளுக்கு நடுவே தொடர்புத் தொலைபேசி இலக்கம் முழுசாக நின்றது. வேறு வழி தெரியாமல் ஒவ்வொரு இலக்கத்துக்கும் அடித்து, உங்கள் அறிவித்தலில் எழுத்துப் பிழைத்துவிட்டது, பெயரை ஒருக்காச் சொல்வீர்களா என்று கேட்டேன். ஏச்சு விழும் என்றுதான் நினைத்தேன். ஒருசிலர் ஏசினார்கள். மற்றவர்கள் கதைத்தார்கள். பெயரைச் சொல்லி, பிறகு ஆளைச் சொல்லி, செத்தவீட்டுக்கு வராதவர்களைச் சொல்லி. எனக்கும் போனை வைக்க மனமில்லை. அந்தக் கிழமை முழுக்கக் கதைத்துக் கதைத்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ரை கட்டிய பையனின் படத்துக்குக் கீழே இருந்தது வவுனியா இலக்கம். ஒரு அம்மா எடுத்தார். லண்டனில் இருக்கும் தன் தம்பிதான் அறிவித்தலை அனுப்பினாராம், இலக்கம் மட்டும் தன்னுடையதாம். மகனின் பெயரை மெதுவாகச் சொன்னார். எந்த 'ன' என்று கேட்டேன், அதையும் சொன்னார். எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. எழுதி ஏற்றிவிட்டேன், இப்போது பெயர் தெரிகிறது அம்மா என்றேன். தன்னிடம் கொம்பியூட்டர் இல்லை, இருக்கிறதை வாசித்துக் காட்டச் சொன்னார். முழுப் பெயரையும் வாசித்தேன். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து போனை வைக்கப் போனேன். அப்போது சொன்னார்: "இன்னொருக்கா வாசியுங்கோ பிள்ளை. இஞ்ச அந்தப் பேரைச் சொல்லுறதுக்கு இப்ப ஆக்கள் இல்லை."

எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் எங்களை ஒருவரும் தேடுவதில்லை என்பதாலோ என்னவோ, இத்தனை வருசத்துக்குப் பிறகும் காலையில் போன் அடித்து யாராவது "சைற் விழுந்துபோச்சு" என்றால், எனக்கு முதலில் வருவது கவலை இல்லை.