வடக்கு பார்த்த பேனல்

நான் சோலார் பேனலை வடக்கு நோக்கி மாட்டியவன். திசை தெரியாமல் மாட்டவில்லை. காம்பஸைக் கையில் வைத்துக்கொண்டு, இதுதான் வடக்கு என்று நிச்சயப்படுத்திக்கொண்டு மாட்டினேன்.

இதிலென்ன வெட்கம் என்று வெளியாட்களுக்குத் தோன்றலாம். நம் ஊரில் சூரியன் வருடத்தின் பெரும்பகுதி தெற்கே சாய்ந்துதான் போகிறது. அதனால் பேனலையும் தெற்குப் பக்கம் சரித்து வைக்க வேண்டும். இந்தத் தொழிலின் முதல் பாடம் இது. இன்றைக்கும் நான் வடக்கே மாட்டியதைச் சொன்னால், சக தொழில்காரர்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்.

1. படிப்பு செய்த வேலை

சோலாருக்கு நான் வந்தது நாற்பதைத் தாண்டிய பிறகு. அதற்கு முன் தருமபுரியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். வேலையில்லாத நேரத்தில் படிப்பேன். வேலையில்லாத நேரம் நிறைய இருந்ததால் நிறையப் படித்தேன்.

உலகம் முழுக்க என்ன நடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வெயில் அடித்தால் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஜெர்மனிக்காரர்கள் கூரை கூரையாகப் பேனல் போட்டிருந்தார்கள். சீனாவில் மலைச்சரிவையே பேனலால் போர்த்தினார்கள். கரண்ட் கம்பி போகாத ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஒற்றைப் பேனலில் விளக்கும் எரிந்தது, செல்போனும் சார்ஜ் ஏறியது. பேனல் விலை இறங்க இறங்க உலகம் ஏறிக்கொண்டே போனது. பங்குனியில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் நம் மாவட்டம் மட்டும் குடை பிடித்து நின்றால் எப்படி என்று எனக்கு ஆவேசம் வந்தது. கடையைச் சோலார் கடையாக மாற்றிப் போர்டு எழுதினேன்.

ஊர் ஊராகப் போய் இதையெல்லாம் பேசினேன். ஜெர்மனியில் ஆரம்பித்து ஆப்பிரிக்கா வழியாக வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பார்கள். மிச்சமிருப்பவரில் ஒருவர், "அதெல்லாம் சரிங்க, எங்க போர்ல தண்ணி எடுக்குமா?" என்று கேட்பார். எடுக்கும் என்பேன். "பாக்கலாங்க" என்று கிளம்பிவிடுவார்.

அப்படிக் கிளம்பிப் போகாமல் உட்கார்ந்திருந்தவர் மாதையன். என் முதல் ஆர்டர்.

2. டெம்போவை நிறுத்திய திசை

கம்பைநல்லூர் பக்கத்தில் மாதையனுக்கு மல்பெரித் தோட்டம். அந்த இலையை வைத்து அவர் மனைவி முனியம்மா ஷெட்டில் பட்டுப்புழு வளர்த்தார். விவசாயக் கரண்ட் சர்வீஸ் கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அதுவரை டீசல் இன்ஜின். அது ஓடினால் இரைச்சல், ஓடாவிட்டால் மாதையனின் இரைச்சல்.

டெம்போவில் பேனல், ஸ்ட்ரக்சர், கன்ட்ரோலர் எல்லாம் வந்து இறங்கின. என் ஃபிட்டர் சகாயம், பேனல் தாங்கும் இரும்புக் கால்களுக்குச் சுண்ணாம்புப் பொடியால் குறி போட்டார். மாதையன் வந்து நின்று பார்த்தார்.

"சார், பேனலோட மூஞ்சி எந்தப் பக்கம் வருது?"

"தெற்குங்க அண்ணே."

"அது ஆகாதுங்க."

வெயில் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்கப்பா தெக்கால ஒரு வாசல் எடுத்தாருங்க. அந்த வருசமே போய்ட்டாரு. எமன் தெசைய பாத்து என் நெலத்துல இம்மாம் பெரிய கண்ணாடி நிக்காது. வடக்கு குபேரன் தெசை, அப்பிடி வைங்க. இல்லீன்னா டெம்போ இன்னும் போவல, ஏத்திக்குங்க."

சகாயத்தைப் பார்த்தேன். அவர் தேவாலயம் தவறாதவர். நமக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எங்களுக்கு எமன் கெடையாது சார்," என்றார் மெதுவாக. "ஆனா எங்க மாமா வூட்லயும் தெக்கு வாசல் வக்கலீங்க."

வடக்கே வைத்தால் மழைக்காலம் முடிந்து குளிர் வரும்போது தண்ணீர் குறையும் என்று நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முதல் ஆர்டர். சுற்றிலும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, இறக்கிய சாமானை ஏற்றிக்கொண்டு போனால் அந்தப் பக்கம் மறுபடி தலை காட்ட முடியாது. படித்தவனுக்கு இப்படிச் சமயத்தில் ஒரு வசதி உண்டு. செய்யப்போகும் முட்டாள்தனத்துக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

"நீங்க சொல்றதும் சரிதாங்க," என்றேன். "ஆஸ்திரேலியாவுல வூட்டுக்கு வூடு பேனல் இருக்கு. அத்தனையும் வடக்கு பாத்துத்தான் வச்சிருக்காங்க."

பொய்யில்லை. அந்த நாடு பூமியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது, அங்கே சூரியன் வடக்கே போகிறது என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். மாதையன் முகம் மலர்ந்தது. "பாருங்க, வெள்ளக்காரனுக்கே தெரிஞ்சிருக்குது!"

3. ஆஸ்திரேலியா மாடல்

மாட்டியது சித்திரையில். பட்டனைத் தட்டியதும் குழாயில் யானைத் துதிக்கை மாதிரி தண்ணீர் கொட்டியது. வைகாசியில் கொட்டியது. ஆனி, ஆடியிலும் கொட்டியது.

காரணம் எளிது. அந்த நாலு மாதமும் நம் ஊரில் உச்சி நேரச் சூரியன் தலைக்கு மேலேயோ சற்று வடக்கேயோதான் இருக்கும். வடக்கு பார்த்த பேனலுக்கு அது பொற்காலம். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும், தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கப் பார்க்க, புத்தகம் எழுதியவர்கள் கம்பைநல்லூருக்கு வந்து பார்க்காமல் எழுதிவிட்டார்களோ என்று தோன்ற ஆரம்பித்தது. வெற்றி வந்தால் மனிதன் முதலில் மறப்பது நாட்காட்டியை.

மாதையன் ஊரெல்லாம் சொன்னார். அக்கம்பக்கத்துக்காரர்கள் வண்டி கட்டாத குறையாக வந்து 'ஆஸ்திரேலியா மாடல்' பார்த்துவிட்டுப் போனார்கள். "எங்களுக்கும் அதே மாடல்தான் வேணும்" என்று இரண்டு பேர் கேட்டார்கள். அந்த நேரத்தில் ஸ்ட்ரக்சர் ஸ்டாக் இல்லாமல் போனது, என் வாழ்க்கையில் கடவுள் தலையிட்ட ஒரே சந்தர்ப்பம்.

4. மார்கழி வந்தது

அந்த வருடம் ஐப்பசி மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கார்த்திகையிலேயே பம்பு தாமதமாக எழுந்து சீக்கிரம் படுக்க ஆரம்பித்தது. ஆழமான போரிலிருந்து தண்ணீரை மேலே தூக்க மோட்டாருக்கு ஒரு குறைந்தபட்ச பலம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மோட்டார் சுற்றும், தண்ணீர் பாதிக் குழாயில் நின்று யோசிக்கும். மார்கழியில் அது நாள் முழுக்க யோசித்தது.

மாதையன் போன் செய்தார். "சார், பம்பு செத்துப்போச்சுங்க. வந்து பாருங்க. வூட்ல புழு கடைசி ஏத்தத்துல இருக்குது."

பட்டுப்புழு நாலாவது முறை தோலுரித்த பிறகுதான் உண்மையாகச் சாப்பிட ஆரம்பிக்கும். அதுவரை தின்றதெல்லாம் ஒத்திகை. அந்தக் கடைசி வாரத்தில் நல்ல இலை கிடைக்காவிட்டால் கூடு கட்டாது, கட்டினாலும் மெலிந்த கூடாக இருக்கும். அந்த ஈட்டை, அதாவது அந்த ஒரு தொகுதிப் புழுவை, நம்பித்தான் அந்தக் குடும்பம் இருந்தது. தோட்டத்தில் இலைகள் தொங்கிப்போய், ஓரம் மஞ்சள் அடித்து நின்றன.

போனவுடன் விஷயத்தை உடைத்தேன். "அண்ணே, பேனலைத் தெற்கே திருப்பணும். வேற வழி இல்ல."

"ஏங்க, நீங்கதான ஆஸ்திரேலியான்னு சொன்னீங்க?"

"அங்க சூரியன் வடக்கால போவும்ங்க. அது பூமிக்கு அந்தப் பக்கம்."

மாதையன் யோசித்தார். "அப்ப அவங்களுக்கு எமன் வடக்கால இருக்காரா?"

 இத்தனை வருடப் படிப்பில் எந்தப் புத்தகமும் இதைத் தொடவில்லை. எமன் சூரியனின் மகன் என்று தொடங்கி, அப்பா இருக்கும் பக்கம்தானே மகனும் இருப்பான் என்று ஒரு வாதத்தை எடுத்துவிட்டேன். அப்படியானால் அப்பனையும் மகனையும் ஒன்றாக ஏன் பார்க்க வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் நிழலை அளந்து காட்டினேன். அவர் அவருடைய அப்பாவின் வாசலைக் காட்டினார். சகாயம் பேனல் நிழலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அந்தப் பேனலால் பலன் அடைந்தவர் அவர் ஒருவர்தான்.

முனியம்மா இலை பறிக்கிற கூடையோடு வரப்பில் வந்து நின்றார். கூடையில் அடி மறையக்கூட இலை இல்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாதையனைக் கேட்டார்:

"ஏங்க, தெருக்குத்து இருக்கிற வூட்டு முன்னால கண்ணாடி மாட்றாங்களே, எதுக்கு?"

"வர்ற கெட்டது திரும்பிப் போவத்தான்."

"இதுவும் கண்ணாடிதான? தெக்கு பாத்து நிக்கட்டும். எமன் வந்தாருன்னா அவரு மூஞ்சியே அவருக்குத் தெரியும். பாத்துட்டுத் திரும்பிப் போவட்டும்."

 மாதையன் பேனலைப் பார்த்தார், தெற்கே பார்த்தார். குனிந்து பேனலில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது.

"அப்ப இத்தன நாளா குபேரனத்தான் தொரத்திட்டிருந்தமா?" என்றார் திகிலோடு. "சகாயம், ஸ்பேனர எடுப்பா!"

5. கால் மாற்றம்

வேலை பெரிதில்லை. ஸ்ட்ரக்சரில் ஒரு பக்கம் குட்டைக் கால், மறுபக்கம் நெட்டைக் கால். பேனல்களைக் கழற்றி, இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினால் சரிவு திரும்பிவிடும். மாதையனே ஓடி ஓடிப் போல்ட் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் வெயில் ஏறியதும் தண்ணீர் வந்தது. சித்திரை மாதிரி துதிக்கை இல்லை. ஆனாலும் வாய்க்கால் ஓடியது.

தோட்டம் நிமிர்கிறவரை பக்கத்துத் தோட்டத்தில் இலை வாங்கிப் போட்டார்கள். பிறகு சொந்த இலை. அந்த ஈடு கூடு கட்டியது. தருமபுரி மார்க்கெட்டுக்கு மூட்டை போன அன்று மாதையன் எனக்கு போன் செய்து, "வெள்ளக்கூடு, சும்மா கல்லு மாதிரிங்க" என்றார். கல்லு மாதிரி என்றால் கெட்டியான, நல்ல விலை போகும் கூடு. அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டேன்.

இன்று அந்தப் பக்கத்தில் பேனல் இல்லாத தோட்டத்தைத் தேட வேண்டும். சேலத்திலிருந்து பெங்களூர் ரயிலில் போனால் தருமபுரியைச் சுற்றிலும் மொட்டைமாடிகளில் பேனல் மின்னுகிறது. சித்தேரி மலைக்குப் போகிற பஸ்ஸின் மேலே மூட்டைகளோடு பேனலும் கட்டிக்கொண்டு போகிறார்கள். உலகம் போன வழியில் நாமும் வந்து சேர்ந்துவிட்டோம். இனி இது திரும்பப் போவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். சூரியனுக்கு ஒரு திசை இருக்கிறது, வாடிக்கையாளருக்கு ஒரு திசை இருக்கிறது. இரண்டையும் அளந்த பிறகே குழி தோண்டுங்கள் என்று சொல்வேன். வாடிக்கையாளர் பயத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அதற்குச் சாமரமும் வீசாதீர்கள் என்பேன். பிறகு முனியம்மாவின் கண்ணாடிக் கதையைச் சொல்வேன். நம்பிக்கையை நம்பிக்கையாலேயே திருப்பிய மக்களின் ஆழ்ந்த மெய்யறிவு என்று அதைக் கொஞ்சம் நீட்டி விளக்குவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு சர்வீஸ் வேலை. முனியம்மா ஷெட்டில் புழுவுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை ஊர் ஊராகப் போதித்துக்கொண்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் கை நின்றது. "அய்யய்யோ, அதையா சொல்லிட்டுத் திரியறீங்க? அன்னைக்குப் புழுவெல்லாம் பசியில தலையத் தூக்கிட்டு நிக்குது. நீங்க ரெண்டு பேரும் வாய மூடுற மாதிரி தெரியல. என்னமோ வாய்க்கு வந்ததச் சொன்னேனுங்க."