கிழக்கு ஜன்னல்

ராயபுரத்து ரொட்டிக் கிடங்கில் என்னோடு வேலை பார்த்தவனின் வலது கையை நான் உடைத்தேன். இருவருக்கும் அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். ஆத்திரத்தில் கை தவறிவிட்டது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தவறவில்லை. மூன்று முறை அடித்தேன்.

ரயில்வேயில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக். அதன்மேல் போர்த்தும் ஃபாண்டன்டைப் பார்ப்பவர்கள் மென்மையான வேலை என்று நினைப்பார்கள். கொதிக்கும் சீனிப்பாகைச் சலவைக்கல்லில் கொட்டி, வெளுத்துக் கெட்டியாகும்வரை மரத்துடுப்பால் அடிக்க வேண்டும். தெறித்தால் தோல் உரியும். எங்கள் இருவர் கைகளிலும் அந்தத் தழும்புகள் இருந்தன. பிறகு அரைத்த சீனி தூவி மாவாகப் பிசைந்து, உருட்டுக்கட்டையால் தேய்த்து, ஒரே வீச்சில் கேக்மேல் போட்டு விரலால் நீவ வேண்டும். அந்த நீவுதல் அவனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. நான் மெட்ரிகுலேஷன் தேறியவன். அவன் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவன். பெரிய கேக் என்றால் முதலாளி அவனைத்தான் கூப்பிடுவார்.

நடுப்பகலில் கடல் காற்று திரும்பும். அதன் ஈரம் பட்டால் சீனி வியர்க்கும் என்பதால், அதற்கு முன்பே கிழக்கு ஜன்னலைச் சாத்திவிடுவோம். அன்று மேல் இரண்டு அடுக்கையும் போர்த்திவிட்டு அவன் சாப்பிடப் போனான். அடி அடுக்கை நானே போர்த்திக் காட்டுவதென்று தொடங்கினேன். புழுக்கம் தாளாமல் ஜன்னலைத் திறந்தேன். அவன் திரும்பி வந்தபோது நான் போட்ட போர்வை பளபளத்து, விளிம்பில் கிழிந்து, வழிந்துகொண்டிருந்தது.

“இன்னா மாமு, அம்மாம் படிச்சிகீறே, காத்து எப்போ திரும்பும்னு புஸ்தகத்துல போடலியா?” என்றான். அடுப்படியில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“தள்ளு, மிச்ச மாவு கீது. நான் பாத்துக்கறேன்” என்று கல்லின்மேல் கையை ஊன்றினான். உருட்டுக்கட்டை என்னிடம் இருந்தது.

முதல் அடி விரல்களில் விழுந்தது. இரண்டாவதில் எலும்பு நொறுங்கியது கட்டை வழியாக என் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மூன்றாவது முறை ஓங்கினேன். கல்லில் கிடந்த வெள்ளை மாவில் ரத்தம் ஊறியது.

முதலாளி ஓடிவந்தார். “குடிச்சிட்டு வந்து கேக்கைக் கிழிச்சான். தடுத்தேன், அடிக்க வந்தான்” என்றேன். அடுப்படிக்காரர்கள் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய மனுக்களையும் ஊருக்குப் போகும் கடிதங்களையும் எழுதிக்கொடுப்பவன் நான். முதலாளி அவனை ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே போகச் சொன்னார்.

கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றான். வசவு வரும் என்று காத்திருந்தேன்.

“அந்த ஜன்னல சாத்து. மேல கீற ரெண்டு அடுக்கும் பூடும்” என்றான்.

சாத்தினேன். கிழிந்த போர்வையை உரித்து, மாவில் ரத்தம் பட்டதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தால் அடி அடுக்கைப் போர்த்தி, சுருக்கங்களைச் சர்க்கரைப் பூக்களால் மறைத்தேன். கல்யாண வீட்டில் மேல் அடுக்குகளைத்தான் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள். நான் நன்றி சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து, கொருக்குப்பேட்டை கூட்ஸ் கொட்டகையில் அவனைப் பார்த்தேன். மூட்டைக் கொக்கி இடது கையில் இருந்தது. வலது கை விரல்கள் மடங்கியபடியே நின்றுபோயிருந்தன. அவன் என்னைப் பார்ப்பதற்குள் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால், முதலாளி அப்போது உயிரோடுதான் இருந்தார். அன்று மாலையும் அவர் எதிரில் நின்றுதான் வேலை செய்தேன்.